ஒரே நகரம், வெவ்வேறு புற்றுநோய்கள்

மும்பையின் தாதர் பகுதியில் பார்சி மக்களின் குடியிருப்பும் மராத்தியர் வாழும் தெருக்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அணித்தே மாதுங்காவிலும் தாராவியிலும் தமிழர் பலர் வாழ்கின்றனர். இவர்கள் அனைவருக்கும் நகரம் ஒன்றே. ஆயினும், இந்நகரின் எல்லாச் சமூகத்தாரையும் ஒரே வகைப் புற்றுநோய் ஒரே அளவில் தாக்குவதில்லை.

இவ்வேற்றுமையை அறிய முதலில் சரியான கணக்கு வேண்டும். ஒரு மருத்துவமனைக்கு வருவோரை மட்டும் எண்ணினால், வராதோர் விடுபட்டுப் போவர். ஆகவே 1963-இல் இந்தியப் புற்றுநோய்ச் சங்கம், டாக்டர் ஜஸ்ஸாவாலாவின் முயற்சியால், நகர மக்கள் அனைவரையும் தழுவிய பதிவேடொன்றைப் பம்பாயில் தொடங்கிற்று. இந்தியாவில் இத்தகையது இதுவே முதலாவதாகும். 1982-இல் சென்னையிலும் பெங்களூரிலும் இவ்வகைப் பதிவேடுகள் இயங்கத் தொடங்கின.

பார்சிப் பெண்களிடையே மார்பகப் புற்று மிகுதியாகவும், கருப்பை வாய்ப் புற்று குறைவாகவும் இருப்பதைப் பம்பாய்க் கணக்கு காட்டியது. காலந்தாழ்த்திய திருமணமும் குறைந்த மகப்பேறும் மார்பகப் புற்றுக்கு ஏதுவாகும் என்பது அறிந்ததே. பரம்பரையின் பங்கு எவ்வளவு, வாழ்க்கை முறையின் பங்கு எவ்வளவு என்பதே ஆராய்ச்சிக்குரிய வினா.

ஆண்களிடையே இரைப்பைப் புற்று மும்பையைவிடச் சென்னையில் அதிகம். ஹவாய்த் தீவுகளில் குடியேறிய ஜப்பானியரிடம் இந்நோய் தலைமுறைதோறும் குறைந்து வந்தது. ஆகவே, பிறப்பு மட்டுமே இதற்குக் காரணமன்று. சென்னையிலிருந்து மும்பைக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மாறுமா? இதற்கு விடை காண்பது எளிதன்று. நோயுற்றபின் சொந்த ஊர் திரும்புவோர் மும்பைக் கணக்கில் சேராமற் போகலாம்.

காரணம் முழுதும் விளங்கும்வரை தடுப்புப் பணி காத்திருக்க வேண்டியதில்லை. 1998-இல் டாட்டா நினைவு மருத்துவமனை, மும்பைக் குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயதுவரையுள்ள ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்களை இரு பிரிவாக்கி ஓர் ஆய்வைத் தொடங்கிற்று. பத்தாம் வகுப்பு படித்த பெண்கள் பயிற்சி பெற்று, நீர்த்த அசிடிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, வெண்மையாக மாறும் இடங்களைக் கண்டறிந்தனர். ஈராண்டுக்கு ஒரு முறையாக நான்கு முறை இச்சோதனை நடைபெற்றது. சோதிக்கப்பட்ட பிரிவில் கருப்பை வாய்ப் புற்றால் நேர்ந்த மரணம் 31 சதவீதம் குறைந்ததாக 2013-இல் அறிவிக்கப்பட்டது. மற்றப் பிரிவினருக்குச் சுகாதாரக் கல்வி மட்டும் அளித்தது முறையா என்ற விவாதமும் எழுந்தது.

அதே ஆய்வில் மார்பகத்தைக் கையால் தொட்டுப் பார்க்கும் சோதனையும் நடந்தது. ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவரிடையே மார்பகப் புற்று மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. இளையோரிடம் அத்தகைய பயன் தெளிவாகத் தென்படவில்லை. இதன் காரணமும் ஆராயத்தக்கதே.

இவ்வாய்வுகளுக்கு அடிப்படை கள ஊழியர் எழுதும் குறிப்புகளே. வயது, தாய்மொழி, உறைவிடம், அங்கு வாழ்ந்த காலம் ஆகியவற்றைப் பிழையின்றிப் பதிவு செய்தல் இன்றியமையாதது. புகையிலையின் தீமையைச் சிறுவயதிலேயே உணர்த்துதல் ஆசிரியர்களால் இயலும். விடை தெரியாத வினாக்கள் பல இருப்பினும், இவ்விரு பணிகளையும் இன்றே செய்யலாம்.