பிரிட்டிஷ் கடவுச்சீட்டும் சர்வகலாசாலைக் கட்டணமும்

இங்கிலாந்தில் ஒரே வகுப்பில், ஒரே பேராசிரியரிடம் பாடம் கேட்கும் இருவரில் ஒருவர் அரசாங்கம் விதித்த உச்சவரம்புக்குள், அதாவது 2025-26ஆம் ஆண்டின் இளநிலைப் படிப்புக்கு 9,535 பவுனுக்கு மிகாமல் செலுத்த, மற்றவரோ வரம்பேதுமின்றிச் சர்வகலாசாலை கேட்டதைக் கேட்டபடி கட்டும் ஏற்பாடு, 1967இல் சிறு வித்தியாசமாகத் தொடங்கி, அயல்நாட்டார் முழுச் செலவையும் தாமே ஏற்க வேண்டும் என்ற 1980ஆம் ஆண்டு விதியால் நிலைபெற்றது.

இந்த வித்தியாசம் கடவுச்சீட்டைப் பொறுத்தது என்று நம் பெற்றோர் பலர் எண்ணுவதுதான் அனர்த்தத்துக்கு மூலம். லண்டனில் பிறந்த பிரிட்டிஷ் பிரஜையாயினும், சென்னையிலோ துபாயிலோ வளர்ந்து படிக்கும் வயதில் திரும்பும் பிள்ளை அயல்நாட்டுக் கட்டணம் செலுத்த நேரலாம். இலங்கையிலிருந்து சென்று அங்கே அகதியாக அங்கீகாரம் பெற்று வாழும் தமிழ் இளைஞரோ, அந்தக் கடவுச்சீட்டு இல்லாமலே உள்நாட்டுக் கட்டணத்துக்கு உரியவராகலாம். பொதுவாகச் சட்டம் நோக்குவது, நிரந்தரமாகத் தங்கும் உரிமையோடு, படிப்புத் தொடங்குவதற்கு முந்திய மூன்று ஆண்டுகளும் அங்கே இயல்பான வாசம் இருந்ததா என்பதையே.

அந்த வாசம் எது என்ற கேள்வி நீதிமன்றம் ஏறியதுண்டு. கல்வி உதவித்தொகை தொடர்பாக ஷா என்ற மாணவர் பார்னெட் நகராட்சிக்கு எதிராக நடத்திய வழக்கில், படிப்பதற்காக வந்து தங்குவதும் இயல்பான வாசமே என்று பிரபுக்கள் சபை 1982இன் இறுதியில் தீர்ப்பளித்தது. ஆனால், முழுநேரக் கல்வியையே பிரதான நோக்கமாகக் கொண்ட வாசம் கணக்கில் சேராது என்று அரசாங்கம் உடனே விதியைத் திருத்திக்கொண்டது. நியாயஸ்தலத்தில் வென்றதைச் சட்டப் புத்தகத்தில் இழப்பது மாணவருக்கு மட்டும் நேரும் விபத்தன்று. எனினும் ஒரு சலுகை எஞ்சியிருக்கிறது: தாயோ தந்தையோ தற்காலிக உத்தியோகத்தின் பொருட்டு வெளியே இருந்ததால்தான் பிள்ளை அங்கே வசிக்கவில்லை என்று நிரூபித்தால், அந்தக் காலமும் வாசமாகவே கருதப்படும். உத்தியோக ஒப்பந்தம், அங்கே விட்டுவந்த வீட்டின் பத்திரம், திரும்பும் உத்தேசத்தைக் காட்டும் கடிதங்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தாதவர்கள் இந்தச் சலுகையை வீணே இழக்கிறார்கள். வகையை முதலில் நிர்ணயிப்பது சர்வகலாசாலையே. ஆகையால் இடத்தை ஏற்குமுன் காரணங்களை எழுத்தில் கேட்டு, மறுபரிசீலனை கோருவதே உசிதம்.

சந்தேகமின்றி அயல்நாட்டு வகையில் சேர்பவர், முன்பணம் கட்டுமுன், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற நிபந்தனையைப் படிக்க வேண்டும். பணத்தை ஏஜெண்டின் கணக்கில் ஒருபோதும் செலுத்தலாகாது. பட்டப் படிப்பு மாணவருக்குப் பாடக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமே வேலைக்கு அனுமதி உண்டென்பதால், அந்தச் சம்பாத்தியத்தில் கட்டணம் கட்டிவிடலாம் என்பது வெறும் மனோராஜ்யம். தவணை தவறிச் சேர்க்கை ரத்தானால் சர்வகலாசாலை அதைக் குடிவரவு இலாகாவுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டது, விசாவும் சுருங்கிவிடும்.

சேர்ந்தபின் பிணக்கு எழுந்தால், சர்வகலாசாலையின் உள்முறையீட்டை முடித்து, முடிந்ததென்று அது தரும் கடிதத்தைப் பெற்று, அதன் தேதியிலிருந்து 12 மாதங்களுக்குள் ஓ.ஐ.ஏ. என்னும் சுயேச்சை அலுவலகத்திடம் மனுச் செய்யலாம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொதுவான அவ்வலுவலகம் மாணவரிடம் காசு வாங்குவதில்லை.