சுவருக்கு ஒரு படம்

ஊர் ஊராக மாற்றலாகிச் செல்லும் ரயில்வே குடும்பத்துக்குச் சொந்தச் சுவர் என்று ஒன்று இல்லை. இலாகா கொடுக்கும் குவார்ட்டர்ஸில், முன்பு குடியிருந்தவர் அடித்துவிட்டுப் போன ஆணியிலேயே நம் படத்தையும் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆயினும், சாமான்களை இறக்கிப் பால் காய்ச்சியவுடன் நாம் முதலில் தேடுவது அந்த ஆணியைத்தான். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றிலும் இதுவே வழக்கம் என்று அறிவோம்.

எங்கள் வீட்டில் அந்த ஆணிக்கு உரிமை பெற்றது ஒரு லட்சுமி படம். அம்பாசமுத்திரத்தில் எங்கள் ஆச்சிக்கு அவர் தாயார் சீதனத்தோடு கொடுத்தது. தாமரையில் நிற்கும் திருமகள், பக்கத்தில் மாலை ஏந்திய யானை. புடவைக் கரை மீது யாரோ பொறுமையாகச் சரிகைத் துண்டுகளை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். மகுடத்தில் சமிக்கிகள் மின்னும். அந்தக் காலத்துப் பெண்மணிகளுக்கு இது ஒரு கைவேலை. புணேக்கு வந்தபோது, வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது என்று ஆச்சி சொல்லி அனுப்பினார். நாங்கள் அதை 'ஊர்ப் படம்' என்றே அழைத்து வந்தோம்.

குவார்ட்டர்ஸ் மாறியபோது கண்ணாடி விரிந்துவிட்டது. சட்டம் போடும் கடை ஒன்றில் கொடுத்தோம். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், கடைக்காரர் தம்மிடம் தயாராயிருந்த சட்டத்துக்குப் பொருந்தும்படி படத்தின் அடி ஓரத்தைக் கத்தியால் அறுத்து எறிந்திருந்தார். அத்துடன் நில்லாமல், படம் முழுவதையும் பசை தடவி ஹார்டுபோர்டில் ஒட்டியும் விட்டார். அவரைப் பெரிதும் குறை கூறுவதற்கில்லை. 'ஓரத்தை வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள்' என்று நாம் சொல்லவில்லை. எம் இல்லத்தாள் ஒன்றும் பேசாமல் கடையின் குப்பைக் கூடையைக் கிளறி, அறுபட்ட துண்டைத் தேடி எடுத்து வந்தாள்.

அந்தத் துண்டில் எறும்பு வரிசை போல ஆங்கில எழுத்துக்கள் இருந்தன. பத்தாம் வகுப்புப் பையனின் பூதக்கண்ணாடியை வாங்கிப் படித்தோம். 'ரவி வர்மா பிரஸ், கார்லா, லோணாவ்லா' என்றிருந்தது. எங்களுக்கு வியப்புத் தாங்கவில்லை. லோணாவ்லா எங்கே இருக்கிறது? புணேயிலிருந்து 64 கிலோமீட்டர். நாம் நாள்தோறும் டிக்கெட் கணக்குப் பார்க்கும் பாதை! ஊர்ப் படம் என்று அம்பாசமுத்திரத்திலிருந்து பத்திரமாகச் சுமந்து வந்த படம், தான் பிறந்த இடத்துக்கே திரும்பி வந்திருந்தது.

அதன்பின் கிடைத்ததையெல்லாம் படித்தோம். கிளிமானூரில் 1848-இல் பிறந்த ரவி வர்மாவின் எண்ணெய் ஓவியங்கள் அரசர்களின் அரண்மனைகளுக்கு உரியவையாக இருந்தன. திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்தவரும், கும்பகோணத்தில் பிறந்தவருமான சர் டி. மாதவ ராவ், அவற்றை வண்ண அச்சாக்கினால் நாடு முழுவதும் பரவும் என்று யோசனை கூறினார். 1894-இல் ஓவியரும் அவர் தம்பி ராஜராஜ வர்மாவும் ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களை வரவழைத்துப் பம்பாயில் அச்சகம் தொடங்கினார்கள். பம்பாயில் பிளேக் பரவிய ஆண்டுகளில் அச்சகம் கார்லா குகைகளுக்கு அருகே மளவலிக்கு மாறியது. கடன் மிகுந்து, அதை அங்கே பணிபுரிந்த ஃப்ரிட்ஸ் ஷ்லைசர் என்னும் ஜெர்மானியருக்கே விற்க நேர்ந்தது. 1906-இல் ஓவியர் காலமானார். அச்சகம் பின்னும் நெடுங்காலம் ஓடி, 1972-இல் தீக்கு இரையாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லோணாவ்லா லோக்கலில் ஏறி மளவலியில் இறங்கினோம். நிலையத்துக்கு வெளியே தேநீர் விற்றவரிடம் பழைய படம் அச்சடித்த இடம் எது என்று விசாரித்தோம். அவர் எங்களைக் கார்லா குகைக்கு ஆட்டோ பிடிக்கச் சொன்னார். குழந்தைகளுக்கு அது பெரிய திருப்தி.

இந்த அச்சு முறையைப் பற்றிச் சிறிது அறிந்துகொண்டால், படம் வாங்கும்போது ஏமாறாமல் இருக்கலாம். 1796-இல் ஜெர்மனியின் பவேரியாவில் அலாய்ஸ் செனஃபெல்டர் என்பவர் இதனைக் கண்டுபிடித்தார். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புச் சேர்ந்த மையால் படத்தை இடம் வலம் மாற்றி வரைவார்கள். கல்லை நீரால் நனைத்தால் வரையாத இடம் நீரை ஏற்கும். வரைந்த இடம் ஏற்காது. பிறகு மை உருளையை உருட்டினால், மை கொழுப்பில் மட்டும் பற்றும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று நம் வீட்டுப் பாட்டிமார் அறிந்த விஷயமே இவ்வளவு பெரிய கலைக்கு அடிப்படை! ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல் வேண்டும். ஒரு லட்சுமிக்குப் பத்துக்கும் மேற்பட்ட கற்கள் தேவைப்படுவதுண்டு. காகிதம் ஒவ்வொரு கல்லின் மீதும் மயிரிழை பிசகாமல் அமர வேண்டும். இறுதியில் வார்னிஷ் பூசி, துணியில் வரைந்த ஓவியம் போலத் தோன்றுமாறு வரிவரியாக அழுத்தியும் கொடுத்தார்கள். அப்படிச் செய்ததற்கு ஓலியோகிராஃப் என்று பெயர்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பின்னரும் நாங்கள் ஏமாந்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். லட்சுமிக்கு ஜோடியாக ஒரு சரஸ்வதி வேண்டும் என்ற ஆசை. பழைய சாமான் விற்கும் தெரு ஒன்றில், கருகிய தேக்குச் சட்டத்தில் பழுப்பேறிய சரஸ்வதி கிடைத்தாள். ஆயிரத்து இருநூறு ரூபாய். 'நூறு வருஷப் படம், சாப்' என்றார் விற்றவர். வீட்டுக்கு வந்து பையனின் பூதக்கண்ணாடியால் பார்த்தபோது, முகம் முழுவதும் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் கோலப்புள்ளி வைத்தாற்போல் ஒழுங்காக நின்றன. அது இக்காலத்து ஆஃப்செட் அச்சு. பழுப்பு நிறம் தேயிலை நீரால் வந்தது போலும். சட்டம் மட்டுமே பழையது. கல்லச்சில் புள்ளிகள் ஒன்று போல் இரா. கைகொண்டு வைத்தவை ஆதலால் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஓரிடம் நெருக்கம், ஓரிடம் கலைவு. பூதக்கண்ணாடியைக் கடைக்கே எடுத்துச் சென்றிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். பம்பாய்ச் சோர் பஜாரிலோ வேறெங்கோ பழம் படம் வாங்க எண்ணும் அன்பர்கள் கண்ணாடியையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தைக் கழற்றிக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். அடி ஓரத்து எழுத்தும் படத்தின் பின்புறமும் கட்டாயம் பார்க்கத்தக்கவை.

புதிய அச்சு மட்டம் என்று நாம் சொல்லவில்லை. ரவி வர்மா மறைந்து நூறாண்டுக்கு மேல் ஆயிற்று, காப்புரிமை இல்லை, நல்ல காகிதத்தில் நல்ல அச்சு குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. புதியது என்று அறிந்து புதியதன் விலைக்கு வாங்கினால் யாதொரு குறையும் இல்லை. எங்கள் சரஸ்வதியும் சுவரில்தான் இருக்கிறாள். எப்படி வந்தாலும் சரஸ்வதி சரஸ்வதியே என்பது எம் இல்லத்தாளின் தீர்ப்பு. தெற்கே கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976) வரைந்த தெய்வப் படங்களைச் சிவகாசி அச்சகங்கள் நாட்காட்டிகளாக அச்சிட்டு நம் வீடுகளுக்கெல்லாம் அனுப்பின. ஆண்டு முடிந்ததும் அவற்றை அலமாரிக்கு விரிப்பாக்கி விடுகிறோம். பழைய நாட்காட்டி ஒன்று உங்கள் பெட்டியடியில் கிடந்தால், தேதித்தாளை மட்டும் நீக்கிப் படத்தைச் சட்டமிடுங்கள். கடையில் விலை கொடுத்து வாங்கும் பலவற்றைவிட அது மேலானது என்பது நம் அபிப்பிராயம்.

இனி மாட்டும் முறை. சிறிய குவார்ட்டர்ஸில் சுவர் முழுவதும் படம் நிறைப்பது கண்ணுக்கு அயர்வு; முன் அறைக்கு ஒன்றோ இரண்டோ போதும், நிற்பவரின் கண்மட்டத்தில். வெயில் நேராக விழும் சுவர் ஆகாது. சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும். மழைபடும் வெளிச்சுவரும் ஆகாது. இந்தப் பக்கத்து மழைக்காலம் நம் ஊர் ஐப்பசி போல் அன்று. நான்கு மாதம் சுவர் வியர்க்கும். உள்சுவரில் மாட்டி, சட்டத்தின் கீழ் மூலைகளில் கார்க்குத் துண்டுகளை ஒட்டினால் பின்னால் காற்று புகும். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. இடையே அமிலமற்ற அட்டையை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். பின்பலகையாக வெறும் மரப்பலகை வைத்தால் பழுப்புப் படியும். விளக்கேற்றுவோர் படத்துக்கு நேர் கீழே ஏற்றாமல் சற்று விலக்கி ஏற்றுவது நலம். எங்கள் லட்சுமியின் பாதத்தில் ஆச்சி காலத்துப் புகை இன்னும் இருக்கிறது. குங்குமம் கண்ணாடிக்கு மட்டும். துடைப்பது உலர்ந்த துணியால்.

ஒட்டிய ஹார்டுபோர்டைப் பிரிக்க முடியுமா என்று, காகிதப் படங்களைச் செப்பனிடுவோர் ஒருவரிடம் காட்டினோம். மெல்ல மெல்லப் பிரிக்கலாம், ஆனால் சரிகை உதிரும் என்றார். சரிகை ஆச்சியின் தாயார் ஒட்டியதாக இருக்கலாம். வேண்டாம் என்று திரும்பிவிட்டோம். அறுபட்ட ஓரத் துண்டை ஓர் உறையில் இட்டுச் சட்டத்தின் பின்னே செருகியிருக்கிறோம். உறையின் மேல் அம்பாசமுத்திரம், மளவலி, புணே என்று எம் இல்லத்தாள் எழுதி, அடுத்த ஊருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறாள்.