மாட்டுக்கும் நமக்கும் ஒரே கிருமி

"மாட்டின் மடி வீங்கியிருக்கு. என்ர கையிலயும் புண். மாட்டில இருந்துதான் எனக்குத் தொற்றினதோ?" வாழ்வாதார உதவியாகக் கிடைத்த ஒரு பசுவை நம்பிக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் சகோதரி ஒருவர் இப்படிக் கேட்டார். அயலவர்கள் அவரிடம் பால் வாங்குவதையும் நிறுத்திவிட்டார்கள். எம்மில் பலருக்கும் பயன்படும் என்பதால் அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

மடியழற்சியை உண்டாக்கும் கிருமிகளுள் முக்கியமான ஒன்று ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் என்னும் பற்றீரியா. மனிதரில் சீழ்க்கட்டியையும் ஆறாத புண்ணையும் உண்டாக்குவதும் இதுவே. நூறு பேரை எடுத்தால் ஏறக்குறைய முப்பது பேரின் மூக்கினுள் இது எந்தத் தொல்லையும் தராமல் இருக்கும். இக்கிருமிக்குப் பல கிளைகள் உண்டு. சில மனிதரிலும், சில மாட்டிலும், சில கோழியிலும் பன்றியிலும் வாழப் பழகியவை.

கிருமி பெருகும்போது அதன் பரம்பரையலகுகளில் சிறு மாற்றங்கள் ஏற்படுகின்றன. அவற்றை ஒப்பிட்டு, எந்தக் கிளை எதிலிருந்து பிரிந்தது என்று விஞ்ஞானிகள் கண்டறிகிறார்கள். நாம் வம்சாவழி பார்ப்பது போலத்தான்.

அப்படிப் பார்த்தபோது கிடைத்த விடை பலரையும் வியக்க வைத்தது. இறைச்சிக் கோழிகளில் காணப்படும் கிளைகளில் பெரும்பாலானவை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் மனிதரிலிருந்து கோழிக்குத் தாவிய ஒரு கிருமியின் வழிவந்தவை என 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. 2012இல் 19 நாடுகளிலிருந்து பெற்ற 89 மாதிரிகள் ஆராயப்பட்டன. பன்றிப் பண்ணைகளில் பரவியிருந்த, 398 என்னும் எண்ணால் அறியப்படும் கிளை முதலில் மனிதரிடம்தான் இருந்தது. அப்போது அது சாதாரண மருந்துகளுக்கே அடங்கியது. விலங்குகளுக்குத் தாவிய பின்னரே மருந்துகளை எதிர்க்கும் வலுவைப் பெற்று, மீண்டும் பண்ணையில் வேலை செய்வோரிடம் வந்தது. மறுபுறம், மாடுகளிலிருந்த ஒரு கிளை இரு தடவைகள் மனிதருக்குத் தாவியதை 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

ஆகவே பாதை இருவழிப் பாதை. மாட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அந்தச் சகோதரியின் கையிலிருந்து மடிக்குப் போனதா, மடியிலிருந்து கைக்கு வந்ததா என்பதைப் பரிசோதனை இல்லாமல் சொல்லவும் முடியாது. ஆனால் அந்தப் பாதையை அடைக்க நம்மால் முடியும்.

பால் கறக்க முன்னரும் பின்னரும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். மடியையும் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றுங்கள். கையில் புண் இருந்தால் அது ஆறும்வரை வேறொருவரைக் கறக்கச் சொல்லுங்கள். நோயுற்ற மாட்டைக் கடைசியாகக் கறவுங்கள். திரைந்த, நிறம் மாறிய பாலைக் குடிக்கவோ விற்கவோ வேண்டாம். பாலைக் காய்ச்சினால் கிருமி சாகும். அது ஏற்கெனவே பாலில் விட்ட நஞ்சு முழுதாக அழியாது.

இன்னொன்று மிக முக்கியம். வீட்டில் மிஞ்சிய குளிசையை மாட்டுக்குக் கொடுப்பதும், மாட்டின் மருந்தை நம் புண்ணில் பூசுவதும் வேண்டாம். மருந்தை அரைகுறையாகப் பாவித்தால் அதற்கு அடங்காத கிருமிகள் தப்பிப் பெருகும். மிருக வைத்தியர் சொன்ன நாட்கள் முழுவதும் மருந்து கொடுங்கள். அதன் பின் எத்தனை நாட்களுக்குப் பாலை விற்கக்கூடாது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

அந்தச் சில நாட்களின் வருமானத்தை இழப்பது எவ்வளவு கடினம் என்பது எமக்குத் தெரியும். ஆனால் மடி கெட்டுப்போனால் இழப்பது பசுவையே. மடியும் கையும் சுகமாக இருந்தால் அயலவர்கள் மீண்டும் செம்போடு வாசலுக்கு வருவார்கள்.