கையும் கருவியும் – 9: முடிவுறாத பன்னிரண்டு அம்புகள்

சென்ற இதழில் கூடை முடைதலைப் பற்றிச் சொல்லுகையில், முடைந்து முடித்த கூடையைக் காட்டிலும் பாதியில் நின்றுபோன கூடையே தொழிலின் முறையை நன்றாக வெளிப்படுத்தும் என்று எழுதியிருந்தேன். இந்த வாரம் எடுத்துக்கொண்ட அம்பு செய்தலுக்கு அந்த வார்த்தை இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஏனெனில் உலகத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய அம்பறாத்தூணிகளில் ஒன்று, பெரும்பாலும் செய்து முடியாத அம்புகளையே சுமந்துகொண்டு நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆஸ்திரியாவும் இத்தாலியும் எல்லை கொள்ளும் ஆல்ப்ஸ் மலைத்தொடரில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,210 மீட்டர் உயரத்தில், 1991-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் தேதி, மலையேற வந்த ஒரு தம்பதியரின் கண்ணில் உருகும் பனியிலிருந்து பாதி வெளிப்பட்ட ஒரு மனித உடல் தென்பட்டது. அண்மையில் விபத்துக்குள்ளான எவனோ ஒருவன் என்றே முதலில் எல்லோரும் எண்ணினர். பரிசோதித்தபோது அவன் சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தியவன் என்று தெரிந்தது. ஓட்ஸி என்று பின்னர் பெயர் பெற்ற அம்மனிதனும், அவனோடு கிடைத்த உடைமைகளும் இப்போது இத்தாலியின் போல்ஸானோ நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவன் தூணிக்குள் பதினான்கு அம்புகள் இருந்தன என்று சொல்லுவது வழக்கமேயாயினும், அம்பு என்ற பெயருக்கு முழு உரிமை உடையவை இரண்டே, அவையும் ஒடிந்திருந்தன. எஞ்சிய பன்னிரண்டும் பட்டை உரித்துச் சீவிய வெறுங் கோல்கள். அவற்றுக்கு அலகுமில்லை, இறகுமில்லை.

அந்தக் கோல்களை எடுத்த செடி எது என்பதே முதல் பாடம். விபர்னம் என்னும் புதரின் இளங்கொம்புகள் அவை. மரத்தைப் பிளந்து கோல் செதுக்குவதைவிட, வேரடியிலிருந்து ஒரே வேகத்தில் நிமிர்ந்தெழும் இளங்கொம்பைக் கொள்ளுவதே உத்தமம். அதன் நார்கள் அடியிலிருந்து நுனிவரை எங்கும் அறுபடாமல் ஓடுகின்றன, ஆதலால் வளைந்தாலும் முறிவதில்லை. ஆயினும் இயற்கை எந்தக் கொம்பையும் நூல் பிடித்தாற்போல் வளர்ப்பதில்லை. கணுவுக்குக் கணு ஒரு சிறு கோணல், அடியில் பருமன், நுனியில் மெலிவு. இவ்வளவையும் சரிசெய்து, ஒன்றைப்போல் மற்றொன்று பறக்கும்படி ஒரு தூணி நிறையக் கோல்களைச் சமமாக்குவதில்தான் கைத்தொழிலாளனின் பிரயாசை முழுவதும் அடங்கியிருக்கிறது. கொம்பை வெட்டுவதற்குச் சாறு அடங்கிக் கிடக்கும் குளிர்காலமே ஏற்றது. வெட்டியவற்றைக் கட்டாகக் கட்டி நிழலில் மெதுவாக உலரவிட வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் இட்டால் வெடித்துப்போகும்.

ஓட்ஸியின் கைகள் இவ்வேலையை எவ்வாறு செய்தன என்பதை யாரும் பார்த்து எழுதிவைக்கவில்லை. ஆனால் முற்றிலும் வேறொரு கண்டத்தில், கலிபோர்னியாவின் யாஹி இனத்தில் எஞ்சி நின்ற கடைசி மனிதர் செய்ததைப் பார்த்து எழுதிவைத்தவர் இருக்கிறார். இஷி என்று அழைக்கப்பட்ட அவர், 1911-இல் ஓரோவில் என்னும் ஊரின் அருகே பசியால் மெலிந்து தனியே வந்து சேர்ந்தார். பின்னர் 1916-இல் காசநோயால் இறக்கும்வரை சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழகத்து அருங்காட்சியகத்தில் வாழ்ந்தார். அவருக்கு நண்பராகவும் மாணாக்கராகவும் அமைந்த சாக்ஸ்டன் போப் என்னும் அறுவை மருத்துவர், இஷியின் வில்வித்தையைப் பற்றி 1918-இல் வெளியிட்ட நூல், கைத்தொழிலைப் பற்றி எழுத விரும்புவோர் யாவரும் படிக்க வேண்டியது. தம் சொந்த அபிப்பிராயங்களை ஒதுக்கிவைத்து, மற்றொருவரின் விரல்களை மாத்திரம் கவனிக்கும் பொறுமை அவருக்கு இருந்தது. அது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

இஷி கோணலைக் கண்ட இடத்தைக் கனலுக்குமேல் காட்டிச் சூடேற்றி, கையாலும் காற்பெருவிரலாலும் எதிர்ப்புறமாக அழுத்தி, ஆறும்வரை அப்படியே பிடித்திருப்பார். பிறகு கோலைத் தொடையின்மேல் உருட்டிக்கொண்டே, இரண்டு மணற்கற்களுக்கிடையே அதை ஓட்டி வழவழப்பாக்குவார். 32 அங்குலமாக வெட்டிய கொம்பு, இறுதியில் 26 அங்குலமாகக் குறையும். கோலின் முன்பக்கத்தில் கனமான மரத்தில் செய்த ஒரு தனித்துண்டைச் செருகுவது அவர் வழக்கம். அதற்குத் துளையிடும் விதம்தான் விசேஷமானது: கோலின் முனை பிளந்துவிடாதபடி முதலில் இறுகக் கட்டி, கூரிய எலும்பு ஒன்றைக் கால்விரல்களுக்கிடையே நிறுத்தி, அதன்மேல் கோலை நிமிர்த்தி வைத்து, தயிர் கடையும் மத்தைப்போல் இரு உள்ளங்கைகளாலும் சுழற்றுவார். அசைவது துளைக்கும் கருவியன்று, துளைபடும் கோலே. முன்துண்டு செருகும் இந்த யுக்தி ஓட்ஸியின் முடிந்த அம்புகளில் ஒன்றிலும் காணப்படுகிறது. அந்தத் துண்டு உறுதிக்குப் பேர்போன கார்னெல் மரத்தால் ஆனது. ஒருவரையொருவர் கனவிலும் அறியாத இரு சமூகத்தார், கோலின் முன்பாகமே கனத்திருக்க வேண்டும் என்ற ஒரே முடிவுக்கு வந்திருப்பதில் ஆச்சரியமில்லை. முன்பாரமுள்ள அம்பே நிலைகுலையாமல் செல்லும், முறிந்தாலும் முன்துண்டை மாற்றிக்கொண்டு கோலைக் காப்பாற்றலாம்.

இனி, கோலை எவ்வளவு மெலியச் சீவ வேண்டும் என்பது பார்வைக்குப் புலப்படாத கேள்வி. அம்பு வில்லின் தண்டுக்கு ஒரு பக்கமாகக் கிடக்கிறது. நாணோ தண்டின் நடுவை நோக்கி அதைத் தள்ளுகிறது. அம்பு சற்றும் வளையாத இரும்புக் கம்பியாக இருந்தால் ஒரு புறமாகவே விலகிப் போய்விடும். உண்மையில், நாண் விடுபட்ட கணத்தில் கோல் வில்லைச் சுற்றி வளைந்து, மறுபுறம் வளைந்து, இப்படி நெளிந்தபடியே இலக்கை நோக்கிச் செல்கிறது. கோல் வில்லின் வலிமைக்கு மிஞ்சி விறைத்தாலும் பிழை, மிஞ்சித் துவண்டாலும் பிழை. ஆகவே ஒரு வில்லுக்கு ஏற்ற அம்பு மற்றொரு வில்லுக்கு ஏற்காது. சீவிய மரத்தைத் திரும்ப ஒட்டவைக்க வழியில்லாதபடியால், நிதானமுள்ளவன் கோலைச் சிறிது பருமனாகவே விட்டுவைத்திருந்து, வில் கைக்கு வந்தபின் எய்து பார்த்து, கொஞ்சங் கொஞ்சமாகச் சீவுவான்.

இறகின் வேலை எளிது, ஆனால் அதைப் பொருத்தும் வேலை எளிதன்று. பின்புறத்தில் காற்றை எதிர்த்து நின்று, அலகையே முன்னால் போகச் செய்வது அதன் தொழில். ஓட்ஸியின் அம்புகளில் மூன்று பாதி இறகுகள் கோலைச் சுற்றிச் சம தூரத்தில் ஒட்டப்பட்டு, காஞ்சொறி இனத்துச் செடியின் மெல்லிய நாரால் நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கின்றன. ஒட்டுவதற்குப் பயன்பட்டது பூர்ஜ மரப்பட்டையிலிருந்து எடுத்த கீல். பட்டையை நேரே நெருப்பிலிட்டால் சாம்பல்தான் மிஞ்சும். காற்றுப் படாமல் மூடிவைத்துச் சூடேற்றினால்தான் கருநிறக் கீல் கசியும். இரசாயன சாஸ்திரம் பிறப்பதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் அறிந்திருந்த இச்சாதுர்யத்தை, நம் பாடநூல்கள் ஒரு வரியிலாவது நினைவுகூர்ந்தால் நன்றாயிருக்கும்.

கோலுக்குப் பள்ளத்தாக்கெங்கும் புதர் உண்டு. இறகுக்குப் பறவை உண்டு. கீலுக்குப் பட்டை உண்டு. அலகுக்கு வேண்டிய தீக்கல் அப்படிக் கிடைப்பதன்று. ஓட்ஸியின் கற்கருவிகளை நுணுகி ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியாளர்கள், அந்தக் கற்கள் தெற்கே பல மைல்களுக்கப்பால் டிரென்டினோப் பகுதியிலிருந்து வந்தவை என்றும், கருவிகள் மீண்டும் மீண்டும் கூராக்கப்பட்டுத் தேய்ந்து முடியும் தறுவாயில் இருந்தன என்றும் தெரிவிக்கின்றனர். சில காலமாகவே புதுக்கல் அவனுக்குக் கிட்டவில்லை. அவனிடம் லிண்டன் மரக் கைப்பிடியில் மான்கொம்புக் குச்சியைச் செருகிய ஓர் உபகரணம் இருந்தது. கல்லின் விளிம்பில் அதை அழுத்திச் சிறு சிறு செதில்களாகத் தெறிக்கவைத்துத்தான் அலகைக் கூராக்குவார்கள். கூராக்கும் கருவி இருந்தது, கூராக்கக் கல் இல்லை. பன்னிரண்டு கோல்களும் மொட்டையாக நின்றதற்கு இந்தத் தட்டுப்பாடே முக்கிய காரணமென்பது என் அனுமானம். அம்பு என்பது அதன் பொருள்களுள் எது அரிதோ அதற்காகக் காத்திருக்கும் கருவி. ஒன்று வாராதவரை, மற்றவை எல்லாம் சேர்ந்தும் கோல் கோலாகவே இருக்கும்.

அவனுடைய பகைவனுக்கு அத்தட்டுப்பாடு இருக்கவில்லை. உடல் கிடைத்துப் பத்தாண்டுகள் கழிந்தபின், 2001-இல் ஊடுகதிர்ப் படம் எடுத்தபோதுதான், ஓட்ஸியின் இடது தோளுக்குள் ஒரு கல்லலகு புதைந்திருப்பது தெரியவந்தது; முதுகுப்புறமிருந்து பாய்ந்த அது பெரிய இரத்தக்குழாய் ஒன்றை அறுத்திருந்தது. அந்த அம்பின் கோல் உடலில் இல்லை. யாரோ அதைப் பிடுங்கி எடுத்திருக்கிறார்கள்.

கோல்கள் முடிவுறாமல் நின்றதற்கு இன்னொரு காரணமும் சொல்லலாம். அருகே பாறையில் சாய்ந்து கிடைத்த, 1.82 மீட்டர் நீளமுள்ள யூ மரத்து வில்லும் முடிவுறாததே. கோடரியால் செதுக்கிய வடுக்கள் அதன் நீளம் முழுவதும் அப்படியே இருக்கின்றன, நாண் பூட்டும் வெட்டும் அதில் இல்லை. வில் இல்லாமல் கோலின் விறைப்பை யாரும் தீர்மானிக்க முடியாது. அந்த வில்லையும், யூ மரத்தின் உள்வயிரமும் வெளிவெண்மையும் சேர்ந்து செய்யும் வேலையையும் அடுத்த வாரம் பார்ப்போம்.