செஞ்சி டூ யாழ்ப்பாணம்: கார் கப்பல் ஏறுமா? வாடகை வண்டி எடுக்கும் முன் தெரிய வேண்டியவை

நாகப்பட்டினத்தில் இருந்து யாழ்ப்பாணம் பக்கம் உள்ள காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டதில் இருந்து, செஞ்சி பக்கத்து இளைஞர்களிடமும் ஒரு கேள்வி சுற்றி வருகிறது. "ஒரு செல்ஃப் டிரைவ் காரை எடுத்துக்கிட்டு நாகைக்குப் போய், அப்படியே கப்பல்ல ஏத்தி, அந்தப் பக்கம் இறங்கி நல்லூர், திருகோணமலைன்னு சுத்திட்டு வந்துடலாமா?"

ஒரு வரியில் பதில்: முடியாது. இந்தக் கப்பலில் ஆள் ஏறலாம், பெட்டி ஏறலாம், கார் ஏறாது. ஆகவே இந்தப் பயணத்துக்கு வாடகை வண்டி ஒன்றல்ல, இரண்டு. இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று. இரண்டுக்கும் விதி வேறு, இன்ஷூரன்ஸ் வேறு, லைசென்ஸ் வேறு. இதைப் புரிந்துகொள்ளாமல் கிளம்பினால் பணம் மட்டும் போகாது. விபத்து நடந்தால் மொத்த நஷ்டமும் நம் தலையில் விழும்.

கப்பலின் கதை

2023 அக்டோபர் 14 அன்று 'செரியாபாணி' என்ற கப்பலுடன் நாகை - காங்கேசன்துறை சேவை தொடங்கியது. வடகிழக்குப் பருவமழை நெருங்கியதால் சில நாட்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்ட் 16 அன்று 'சிவகங்கை' கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் மழைக்காக மறுபடி நின்று, 2025 பிப்ரவரி 22 அன்று திரும்பவும் புறப்பட்டது. தூரம் சுமார் 60 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 110 கி.மீ. பயண நேரம் நான்கு மணி நேரம் அளவில். 150 பேர் வரை செல்லக்கூடிய பயணிகள் கப்பல் இது. கார் ஏற்றும் தளமே இதில் கிடையாது.

ஒரு வகையில் இது பழைய முறைதான். 1914 முதல் 'போட் மெயில்' ரயில் சென்னையில் இருந்து விழுப்புரம் வழியாகத் தனுஷ்கோடி போனது. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. செஞ்சிக்காரர் விழுப்புரத்தில் ஏறிக் கொழும்பு வரை போக முடிந்த காலம் அது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு ராமேஸ்வரத்தில் இருந்து ஓடிய கப்பலும் இலங்கை உள்நாட்டுப் போரால் 1980-களில் நின்றுபோனது. அன்றும் ரயில் கடலைத் தாண்டவில்லை. ஆள்தான் தாண்டி, அந்தப் பக்கம் வேறு ரயில் பிடித்தார்.

சொந்தக் காரையாவது கொண்டுபோக முடியாதா?

சட்டப்படி வழி இருக்கிறது, ஆனால் நாலு நாள் டூருக்கு அது தாங்காது. காரை சரக்காகக் கன்டெய்னரில் ஏற்றிக் கொழும்புத் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும். 'கார்னே' எனப்படும் சுங்க ஆவணம் வேண்டும். "இந்த வண்டியை அங்கே விற்க மாட்டேன், திரும்பக் கொண்டுவருவேன்" என்பதற்கான உத்தரவாதம் அது. இந்தியாவில் மும்பையில் உள்ள வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் இதை வழங்குகிறது. பெரிய தொகைக்கு வங்கி உத்தரவாதமும் கேட்பார்கள்.

இன்ஷூரன்ஸிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நம் கார் பாலிசி இந்திய எல்லைக்குள் மட்டும்தான் செல்லும். கூடுதல் பிரீமியம் கட்டினால் நேபாளம், பூடான், வங்கதேசம், பாகிஸ்தான், மாலத்தீவு, இலங்கை ஆகிய நாடுகளுக்கு நீட்டிக்கலாம். ஆனால் அந்த நீட்டிப்பிலேயே, கப்பலில் வண்டி பயணிக்கும் நேரத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்று தெளிவாக எழுதியிருக்கும். அதற்குத் தனியாகக் கடல் சரக்கு இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும்.

வாடகைக் கார் என்றால் இந்தப் பேச்சே இல்லை. வண்டி நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. அதன் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே எடுத்துப்போக முடியாது. கார் ஏறும் கப்பல்கள் ஓடும் ஐரோப்பாவிலும் இதே கதைதான். பிரிட்டனில் எடுத்த வாடகைக் காரைக் கப்பலில் பிரான்ஸுக்குக் கொண்டுபோக, நிறுவனத்தின் அனுமதியும் 'விஇ103' என்ற சான்றும் வேண்டும். சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது பழகிய விஷயம். பாத்தாம் தீவுக்குப் படகில் போகிறவர்கள் காரை சிங்கப்பூரிலேயே விட்டுவிட்டு, இறங்கிய இடத்தில் வேறு வண்டி பிடிக்கிறார்கள்.

இந்தக் கரை: செஞ்சியில் இருந்து நாகைக்கு

செஞ்சிக்கு ரயில் நிலையம் இல்லை. புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், காரைக்கால் வழியாக நாகைக்கு சுமார் 200 கி.மீ. கப்பல் காலையில் கிளம்பும். குடியேற்றம், சுங்கச் சோதனைக்காக சில மணி நேரம் முன்பே துறைமுகத்தில் இருக்க வேண்டும். ஆகவே முதல் நாளே போய் நாகையில் தங்குவதுதான் நிம்மதி.

இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். வியாழன் மாலை கிளம்பி, வெள்ளி காலை கப்பல் ஏறி, திங்கள் மாலை திரும்பி வருவதாக வைத்துக்கொள்வோம். போக வர டாக்சியை மொத்தமாகப் பேசினால், வெளியூர் ட்ரிப்புக்கு ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 கி.மீ. என்று கணக்கிடுவது வழக்கம். 5 நாளுக்கு 1,250 கி.மீ. ஆகிவிடும். வண்டி உண்மையில் ஓடுவது 400 கி.மீ.தான். மீதி நாளெல்லாம் அது நாகையில் சும்மா நிற்கும். டிரைவர் பேட்டாவும் 5 நாளுக்கு ஏறும். செல்ஃப் டிரைவ் எடுத்தாலும் இதே நிலைதான். நிற்கும் நாளுக்கும் வாடகை உண்டு.

போகும்போது ஒரு டிராப், வரும்போது ஒரு டிராப் என்று தனித்தனியாகப் பேசினால் 200 கி.மீ. வீதம் இரண்டு பில் மட்டுமே. டிராப் டாக்சியில் கி.மீ. ரேட் சற்று அதிகம் என்றாலும் மொத்தத்தில் மிச்சம்தான். தனியாகப் போகிறவர்களுக்கு விழுப்புரம் வரை பஸ், அங்கிருந்து நாகைக்கு ரயில் என்பதும் நல்ல வழி.

இரண்டு விஷயங்களை டிரைவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஒன்று, பெர்மிட். நாகைக்குப் போகும் வழியில் புதுச்சேரியும் காரைக்காலும் வருகின்றன. இரண்டும் யூனியன் பிரதேசம். அகில இந்திய சுற்றுலா பெர்மிட் இல்லாத மஞ்சள் போர்டு வண்டி என்றால் அங்கே பெர்மிட் வரி கேட்பார்கள். அதை யார் கட்டுவது என்று பேசிக்கொள்ள வேண்டும். இரண்டு, டோல் கட்டணம் பில்லில் சேர்ந்ததா, தனியா?

செல்ஃப் டிரைவ் எடுப்பவர்கள் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். முறையான செல்ஃப் டிரைவ் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். "நம்ம ஃப்ரெண்டு வண்டிதான், கம்மி ரேட்டு" என்று வெள்ளை போர்டு காரை வாடகைக்குக் கொடுப்பவர்கள் உண்டு. சொந்த உபயோகத்துக்கான பாலிசி உள்ள வண்டி வாடகைக்கு ஓடி விபத்தில் சிக்கினால், இன்ஷூரன்ஸ் நிறுவனம் கிளெய்மை மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

அந்தக் கரை: லைசென்ஸ்தான் முதல் சிக்கல்

காங்கேசன்துறையில் இருந்து யாழ்ப்பாணம் நகரம் சுமார் 20 கி.மீ. இலங்கையிலும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். பெயர்ப்பலகைகளில் தமிழ் இருக்கும். "அப்புறம் என்ன, நம்ம ஊரு மாதிரிதானே?" என்று தோன்றும். ஆனால் தமிழ்நாட்டு லைசென்ஸை மட்டும் காட்டி அங்கே கார் ஓட்ட முடியாது.

முதலில் இந்தியாவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி, அதாவது ஐ.டி.பி. வாங்க வேண்டும். மத்திய அரசின் 'சாரதி' தளத்தில் படிவம் 4ஏ நிரப்பி உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெறலாம். கட்டணம் 1,000 ரூபாய். அதிகபட்சம் ஓராண்டு செல்லும். டிரைவிங் டெஸ்ட் கிடையாது.

இலங்கையைப் பொறுத்தவரை இது பாதி வேலைதான். ஐ.டி.பி.க்கு ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோன் அமைப்பின் ஒப்புதல் பெற வேண்டும். இல்லாவிட்டால் அந்நாட்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் தற்காலிக அனுமதி வாங்க வேண்டும். இதற்காக 2025 ஆகஸ்ட்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே ஒரு கவுன்டர் திறந்தார்கள். விமானத்தில் போகிறவருக்கு வசதிதான். கப்பலில் போய் காங்கேசன்துறையில் இறங்குபவருக்கு அந்த கவுன்டர் 350 கி.மீ.க்கு அப்பால் இருக்கிறது!

அதனால் கப்பல் டிக்கெட் எடுத்த கையோடு, கார் கொடுக்கும் நிறுவனத்திடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "நான் வரும்போது ஓட்டுநர் அனுமதி கையில் இருக்குமா?" லைசென்ஸ், பாஸ்போர்ட், ஐ.டி.பி. நகல்களை முன்பே வாங்கிக்கொண்டு இந்த வேலையை முடித்துத் தரும் நிறுவனங்கள் உண்டு. "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொல்பவரிடம் வண்டி எடுக்காதீர்கள். செல்லாத லைசென்ஸுடன் விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் கைகொடுக்காது. அடிபட்டவருக்கான இழப்பீடு, வண்டிச் சேதம், வழக்கு எல்லாம் உங்களுடையது. ஊர் திரும்பும் கப்பலையும் விட வேண்டியிருக்கும்.

அக்ரிமென்ட் தமிழில் இருக்கும், ஆனால் வேறு தமிழ்

இலங்கையில் ஆவணச் சொற்கள் கொஞ்சம் வேறு. லைசென்ஸ் என்பது 'சாரதி அனுமதிப்பத்திரம்'. இன்ஷூரன்ஸ் 'காப்புறுதி'. ஆட்டோ 'முச்சக்கர வண்டி'. டிரைவர் 'சாரதி'. கையெழுத்துப் போடும் முன் இவற்றைத் தெளிவாகக் கேளுங்கள்.

காப்புறுதி மூன்றாம் தரப்புக்கு மட்டுமா, வண்டிச் சேதத்துக்கும் சேர்த்தா? சேதமானால் நீங்கள் முதலில் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு? ஒரு நாளைக்கு எத்தனை கி.மீ. வரை இலவசம்? 100 கி.மீ. போன்ற வரம்பு வைப்பது வழக்கம். அதைத் தாண்டினால் கி.மீ.க்குக் கூடுதல் கட்டணம். யாழ்ப்பாணத்தில் எடுத்து கண்டிக்குப் போய் வருவதென்றால் ஏ9 சாலையில் ஒரு வழி மட்டுமே 300 கி.மீ.க்கு மேல் ஆகிவிடும்.

அட்வான்ஸுக்குப் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்க வேண்டாம், நகல் போதும். வண்டியை எடுக்கும்போதே நாலு பக்கமும், டயர், மீட்டர், ஃபியூல் அளவும் தெரிய மொபைலில் வீடியோ எடுத்துவிடுங்கள். வாடகை அதிகமாகத் தெரிந்தால் அதற்கும் ஒரு பின்னணி இருக்கிறது. 2020-ல் நிறுத்திய கார் இறக்குமதியை இலங்கை 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் அனுமதித்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களின் விலைகூட எகிறிவிட்டது.

வேகமும் முக்கியம். கார்களுக்கு ஊருக்குள் 50 கி.மீ., வெளியே 70 கி.மீ. என்பது பொதுவான வரம்பு. ஏ9 சாலை நேராகவும் காலியாகவும் இருக்கிறதே என்று நம்ம ஊர் பைபாஸ் வேகத்தில் போனால் அபராதம் உறுதி.

முதல் முறை போகிறவர்களுக்கும் மூன்று, நான்கு நாளுக்குள் திரும்புகிறவர்களுக்கும் டிரைவரோடு வாகனம் பேசுவதே எளிது. லைசென்ஸ் பிரச்சினையே இல்லை. நகருக்குள் ஆட்டோ போதும். இலங்கையில் 'பிக்மீ' செயலி பிரபலம்.

கப்பல் ரத்தானால்?

கடல் கொந்தளித்தால் கப்பல் கிளம்பாது. டிக்கெட் பணமோ மாற்றுத் தேதியோ கிடைக்கலாம். ஆனால் அந்தக் கரையில் காத்திருக்கும் காருக்கு அது தெரியாது. கப்பலும் காரும் இரண்டு தனி ஒப்பந்தம். அதனால் "கப்பல் ரத்தானால் கட்டணமில்லாமல் புக்கிங்கை மாற்றித் தருவீர்களா?" என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும் நாளுக்குப் பிறகு ஒரு நாள் லீவு கையில் இருக்கட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மழைக்காலத்தில் சேவை இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் திட்டமே போட வேண்டாம்.

அங்கிருந்து செஞ்சிக்கு வருபவர்களுக்கு

இந்தக் கணக்கு மறுபக்கமும் பொருந்தும். வேளாங்கண்ணி, நாகூர், திருவண்ணாமலை என்று வரும் இலங்கைத் தமிழர்கள் நாகையில் இறங்கி வண்டி பிடிக்கிறார்கள். 2025 ஜூலையில் மராத்தா ராணுவக் கோட்டைகளின் தொகுப்பில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த செஞ்சிக் கோட்டையும், பக்கத்தில் உள்ள மேல்மலையனூரும் அதே ட்ரிப்பில் சேரக்கூடியவை. இலங்கை உறவினர் யாராவது வருவதாகச் சொன்னால், சொந்தக் காரை ஓட்டக் கொடுப்பதைவிட நல்ல மஞ்சள் போர்டு வண்டி ஒன்றை நாகைக்கு அனுப்பி வையுங்கள். அவரே ஓட்ட ஆசைப்பட்டால் அவருக்கும் ஐ.டி.பி. வேண்டும், கறுப்புப் பலகை வண்டி வேண்டும்.

கிளம்பும் முன் ஒரு செக்

பாஸ்போர்ட், இலங்கைக்கான இ.டி.ஏ. அனுமதி, கப்பல் டிக்கெட். ஓட்டுவதாக இருந்தால் ஒரிஜினல் லைசென்ஸ், ஐ.டி.பி., இலங்கை ஒப்புதல். இந்தக் கரைக்கு டிராப் டாக்சி, அந்தக் கரைக்குக் காப்புறுதி விவரத்தோடு கார் புக்கிங். இவற்றில் இலங்கை ஒப்புதல் மட்டும் கைக்கு வரவில்லை என்றால், டிரைவரோடு வண்டி பேசிவிட்டுப் பின் சீட்டில் உட்கார்ந்து ஊரைப் பாருங்கள்.