ஒட்டியதும் தெரியும், உதிர்ந்ததும் தெரியும்

புற்றுநோய்க்கு ஏற்றும் மோனோகுளோனல் ஆன்டிபாடிக்கு வைத்தியம் தவிர வேறு வேலை உண்டா என்று ஆம்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. என்னைக் கேட்டால், அதன் அழகான வேலையே ஆய்வுக்கூடத்தில்தான்.

1975-ல் விஞ்ஞானிகள் கோலரும் மில்ஸ்டைனும் கேம்பிரிட்ஜில் மோனோகுளோனல் ஆன்டிபாடியை உருவாக்கும் வழியைக் கண்டதும் 1984-ல் நோபல் வாங்கியதும் பலர் எழுதியாயிற்று. அந்த வகை ஆன்டிபாடிகளில் எனக்குப் பிடித்தது எம்பிஎம்-2.

அதற்கு முன்கதை ஒன்று உண்டு. இந்தியாவில் பிறந்த பி. என். ராவும் ராபர்ட் ஜான்சனும் 1970-ல் ஒரு குறும்பு செய்தார்கள். பிளந்துகொண்டிருந்த செல்லை, சும்மா இருந்த செல்லோடு இணைத்துவிட்டார்கள். சும்மா இருந்ததன் குரோமோசோம்களும் நேரம் வருமுன்பே சுருண்டு திரண்டன! பிளக்கும் செல்லுக்குள் ஏதோ ஒரு தூண்டுபொருள் இருக்கிறது என்பது அன்று புரிந்தது. பிற்பாடு ஹூஸ்டனில் ராவின் குழு, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் 'ஹீலா' என்ற மனிதச் செல்கள் பிளக்கும்போது எடுத்த சாற்றை எலிக்குச் செலுத்தி ஆன்டிபாடிகளை எடுத்தது. 1983-ல் வெளியான அவற்றில் ஒன்றுதான் எம்பிஎம்-2.

இதன் விசித்திரம் என்ன தெரியுமா? பொதுவாக ஆன்டிபாடி என்றால் ஒரு புரதத்தைப் பிடிக்கும். இதுவோ பல புரதங்களைப் பிடிக்கிறது. ஆனால் பிளவின்போது அவற்றில் பாஸ்பேட் ஏறியிருந்தால்தான். நொதியால் பாஸ்பேட்டை நீக்கினால் கைவிட்டுவிடுகிறது. ஆகவே கலவையான செல் கூட்டத்தில் ஒளிரும் சாயத்தோடு இதைவிட்டால், பிளக்கும் செல்கள் மட்டும் பளிச்சென்று தெரியும்.

நம்மூர் டேனரி டிரம்மில் தோலின் கொலாஜனோடு குரோமியம் பிணைந்து 'வெட் ப்ளூ' ஆகிறதே, அதுவும் பாஸ்பேட் ஏறுவதைப் போலப் புரதத்தை மாற்றும் வேலைதான். அங்கே ஏறிய குரோமியம் இறங்கக் கூடாது. அது நிலைத்திருப்பதால்தான் தோல் அழுகுவதில்லை. செல்லில் நேர்மாறு. ஏறிய பாஸ்பேட் உரிய நேரத்தில் இறங்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் செல் பிளவை முடித்து வெளியேற முடியாது.

ஒரு வருத்தமும் உண்டு. ஆன்டிபாடிக் குப்பியை வாங்கி ஊற்றி, ஒளிர்ந்ததும் படமெடுத்து, அதையே முடிவாக எழுதிவிடும் அவசரம் இன்று பெருகிவிட்டது. பாஸ்பேட்டை நீக்கினால் ஆன்டிபாடி கைவிடுகிறதா என்று ராவின் குழு பார்த்ததே, அந்தப் பொறுமை இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஆன்டிபாடியும் வெறும் சாயம்தான்.

வேலூர், ஆம்பூர் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: செல் பகுப்பின் நான்கு படங்களை வரைய வைத்து முடித்துவிடாதீர்கள். ராவின் 1970 சோதனையையும் வகுப்பில் சொல்லுங்கள்.