உடைந்த கலமும் உடையவன் பங்கும்: தீவகத்துப் பழம்பொருள் வாணிகம் பற்றிய ஒரு நோக்கு

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டொன்று, கடலில் உடைந்த கலத்தின் பொருள் யாருக்கு உரியது என்னும் வினாவுக்கு விடை கூறுகின்றது. பொலனறுவையிலிருந்து ஆட்சி புரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை அது. ஊராத்துறை என அன்று வழங்கிய ஊர்காவற்றுறைக்கு வந்து சேரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்பளிக்குமாறு பணிக்கும் அவ்வாணை, யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடையுமாயின் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் சேரும் என்கின்றது. ஏனைய சரக்குக் கலமாயின் சரிபாதி. யானை குதிரைகளில் அரசனுக்கிருந்த விருப்பமே முதல் வகைக்குக் கிடைத்த சலுகையின் காரணம் என்பதையும் கல்வெட்டு ஒளிக்கவில்லை. 1963ஆம் ஆண்டில் கா. இந்திரபாலா இக்கல்வெட்டை ஆராய்ந்து வெளியிட்டதிலிருந்து, கடல் வாணிக வரலாற்றுக்குரிய சான்றாகவே அது பெரிதும் எடுத்தாளப்பட்டு வந்துள்ளது. ஆயினும் அதன் உட்கிடையான நியதி கவனத்துக்குரியது: இடர் நேர்ந்தது என்ற காரணத்தினால் மட்டும் உடையவனின் உரித்து அற்றுப்போவதில்லை.

அதே தீவகத்தில் பழைய வீட்டுப் பொருள்களை வாங்கி விற்கும் சிறு வாணிகத்தைப் பற்றிச் சிந்திக்கும்போது இந்நியதி மீண்டும் நினைவுக்கு வருகின்றது. நெருக்கடிக் காலம் பழம்பொருள் வியாபாரிக்கு நற்காலம் என்பது பொதுவாக நிலவும் கருத்து. வீடுகளில் பணமுடை ஏற்படும்போது பொருள்கள் வெளியே வருகின்றன. அவை மலிவாகவும் வருகின்றன. ஆகவே வாங்குபவன் வாழ்வான் என்று கொள்கின்றனர். இது பாதி உண்மையே. வாங்குவது எளிதாகும் அதே வேளையில் விற்பது அரிதாகின்றது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடி இதனைத் தெளிவாகக் காட்டியது.

முதலில் பொருள்களைப் பற்றிக் கூறுதல் வேண்டும். தேக்கு மரப் பெட்டகம், செதுக்கு வேலைப்பாடமைந்த கதவு நிலை, சாய்மனைக் கதிரை, குத்துவிளக்கு, செப்புக்குடம், வெண்கலப் பானை, கிடாரம், தாம்பாளம், வெற்றிலைத் தட்டம், பாக்குவெட்டி, மூக்குப்பேணி என்பன இவ்வாணிகத்தின் வழக்கமான சரக்குகள். நீர்வளம் குறைந்த, வேளாண்மையால் மட்டும் பெருஞ்செல்வம் திரட்ட இயலாத தீவுகளில் இத்தகைய பொருள்கள் சேர்ந்தமைக்குக் காரணம், அவற்றை வாங்கிய பணம் பெரும்பாலும் வெளியே தேடப்பட்டமையே. புங்குடுதீவு முதலிய இடங்களைச் சேர்ந்தோர் தென்னிலங்கை நகரங்களிற் கடை வைத்துப் பொருளீட்டினர். மலாயாவில் எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதி ஊழியராகவும் பணிபுரிந்தோர் ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பினர். வடகரையின் பாய்க்கப்பல்கள் பர்மாவிலிருந்து அரிசியையும் தேக்கையும் கொண்டுவந்தன. எனவே, தீவகத்து வீடொன்றில் இருந்த பெட்டகம் மூன்று கடற்கரைகளின் வரலாற்றைத் தன்னுள் அடக்கியதாகும்.

உலோகப் பாத்திரங்களோ பெரும்பாலும் சீதனமாக வந்தவை. அவை நாள்தோறும் புழங்கிய பொருள்கள் என்பதை மறத்தலாகாது. நீர் அருந்தும்போது வாயிற் படாமல் அண்ணாந்து ஊற்றிக் கொள்வதற்கு உதவிய மூக்குப்பேணியை எவரும் கலைப்பொருளாகக் கருதியிருக்க மாட்டார்கள். எவர்சில்வரும், 1977இன் பின்னர் இறக்குமதிக் கதவுகள் திறக்கப்பட்டதும் பெருகிய பிளாஸ்திக்கும் அதனை அடுக்களையிலிருந்து அகற்றிய பின்னரே அது பழம்பொருளாயிற்று. பயன் பெறுமதி மறைந்த பின்பே ஒரு பொருள் இவ்வாணிகத்துக்குள் நுழைகின்றது. அதன் பரிவர்த்தனைப் பெறுமதி எதனால் ஆக்கப்படுகின்றது என்பதே இனி ஆராயற்பாலது.

பழைய செப்புக்குடம் ஒன்றுக்கு இரு விலைகள் உண்டு. ஒன்று நிறை விலை. உருக்கினாற் கிடைக்கும் உலோகத்தின் விலை. மற்றையது, அது இன்ன காலத்தது, இன்ன ஊரது, இன்ன வேலைப்பாடுடையது என்பதற்காக நிறை விலைக்கு மேலாகத் தரப்படும் விலை. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே பழம்பொருள் வியாபாரியின் பிழைப்பு. அவ்வேறுபாடு அற்றுப்போகுமாயின் அவனுக்கும் பழைய இரும்பு வியாபாரிக்கும் வேற்றுமையில்லை. குடம் உலைக்குப் போகும்.

2021ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ஒரு தொன் செம்பின் சராசரி விலை ஏறத்தாழ 9,300 டொலர். அப்போது ஒரு டொலருக்குச் சுமார் 200 ரூபா. ஆகவே ஒரு கிலோ செம்பு 1,860 ரூபா பெறும். 2022 மார்ச்சில் ரூபாவின் பிடி தளர்த்தப்பட்டது. ஏப்ரல் 12ஆந் திகதி அரசு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. டொலரின் விலை 360 ரூபாவை அண்மியது. அவ்வாண்டு யூலையில் உலகச் செம்பு விலை 7,000 டொலர் அளவுக்கு வீழ்ந்திருந்தபோதிலும், இலங்கைக் கணக்கில் ஒரு கிலோ 2,500 ரூபாவைத் தாண்டியது. பழைய உலோகக் கடையில் இதனிலும் குறைவாகவே கொடுப்பர். பித்தளைக்கு அதனிலும் குறைவு. எனினும் ஏற்றத்தின் திசை ஒன்றே. உலகெங்கும் செம்பு மலிந்துகொண்டிருந்த வேளையில் ஊர்காவற்றுறையில் அதன் நிறை விலை ஏறிக்கொண்டிருந்தது.

மற்றைய விலைக்கு நேர்ந்தது இதற்கு மாறானது. அதனைத் தரக்கூடியவர்கள் வெளிநாட்டுப் பயணிகள், விடுதி கட்டுவோர், கொழும்பின் வசதி படைத்த குடும்பத்தினர் ஆகியோர். 2018இல் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகள் 23 இலட்சத்துக்கு மேற்பட்டோர். 2021இல் அத்தொகை 2 இலட்சத்தையும் எட்டவில்லை. உள்நாட்டில் வாங்கக்கூடியோரின் கையையும் பணவீக்கம் கட்டிவிட்டது. 2022 செத்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 வீதம், உணவுப் பொருள்களுக்கு அது 94.9 வீதம். இவ்வாறு ஒரு விலை கீழிருந்து மேலேற, மற்றையது மேலிருந்து கீழிறங்க, இரண்டும் சந்திக்கும் இடத்தில் சிறு வியாபாரி நெரிபடுகின்றான்.

வட்டியையும் இங்கு சேர்த்து எண்ணல் வேண்டும். பழம்பொருள் உடனே விலைபோவதன்று. உரியவர் வரும்வரை காத்திருக்கும் சரக்கு அது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கடன் வீதத்தை ஒரே நாளில் 7.5இலிருந்து 14.5 ஆக உயர்த்தியது. சிறு வியாபாரிக்குக் கிடைக்கும் கடன் இவ்வீதத்தில் அமைவதில்லை. ஆண்டுக்கு 26 வீத வட்டிக்குப் பணம் பெற்று ஒரு பெட்டகத்தை வாங்கியவன், மூன்று ஆண்டுகள் காத்திருந்தால் அதனை இரு மடங்கு விலைக்கு விற்றாலன்றி முதலையும் வட்டியையும் மீட்க இயலாது. சொந்தக் கட்டடமும் கையிருப்பும் உடைய பெருவணிகர் காத்திருப்பர். சிறியவர் நிறைக்கு விற்றுவிடுவர். நெருக்கடி பழம்பொருள் வாணிகத்தை அழிப்பதில்லை. அதனைச் சிலர் கையிற் குவிக்கின்றது.

இனி, விற்பவர் யார் என்பதையும் நோக்கல் வேண்டும். 1911ஆம் ஆண்டின் முதலாம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலமான இசைவு வேண்டும். அசையும் பொருளை விற்பதற்கு அது வேண்டியதில்லை. கையெழுத்துக்காக எவரிடமும் நிற்காமல் அவள் விற்கத்தக்கவை நகையும் பாத்திரமுமே. கணவன் காணாமற்போன, அல்லது எங்கோ தூரதேசத்தில் இருக்கின்ற குடும்பங்கள் மலிந்த ஒரு பிரதேசத்தில் இது சிறு விடயமன்று. நகைக்குப் பவுண் விலை உண்டு. பத்திரிகையில் அது வெளிவருகின்றது. வங்கியில் அடைவு வைத்து மீட்கவும் இயலும். தாயின் தாய் தந்த வெண்கலப் பானைக்கு அத்தகைய விலைப்பட்டியல் இல்லை. அடைவு பிடிப்பாரும் இல்லை. எனவே விற்பவள் தராசை மட்டுமே நம்ப வேண்டியவளாகின்றாள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, வள்ளத்தின் இயந்திரத்துக்கு அதனையே நம்பியிருந்த கடற்றொழிற் குடும்பங்களின் நிலையை இதனோடு இணைத்துப் பார்த்தால், பாத்திரங்கள் எந்த விலைக்கு வெளியேறும் என்பதை ஊகித்தறியலாம்.

இவை விற்பவர் முகம் தெரிந்த பொருள்கள். தீவகத்துச் சரக்கில் விற்பவர் முகம் தெரியாத பொருள்களும் உள. 1990, 1991ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகளின்போது ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு ஆகிய பகுதிகளின் மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். பூட்டிய வீடுகள் பூட்டியவாறு இருக்கவில்லை. கதவும் யன்னலும் கூரை மரமும் கழற்றப்பட்டன. பெட்டகங்களும் பாத்திரங்களும் போயின. எடுத்தோர் ஒரு தரப்பினர் மட்டுமல்லர் என்பதை ஊரார் அறிவர்; அக்கணக்கை இங்கு தீர்க்க இயலாது. 2009இன் பின் ஏ–9 வீதி திறந்ததும் பழைய இரும்பு சேர்ப்போரும் பழம்பொருள் தேடுவோரும் தெற்கிலிருந்து வந்தபோது, உரியவர் இல்லாத வளவுகள் பல அவர்களுக்காகக் காத்திருந்தன.

இத்தகைய பொருள் பற்றிச் சட்டம் கூறுவது யாது? 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆந் திகதிக்கு முற்பட்டவற்றையே தொல்பொருள் எனக் கொள்கின்றது. மறைந்து கிடந்து கண்டெடுக்கப்படும் தொல்பொருள் அரசுக்குரியது என்கின்றது. நெடுந்தீவின் மணலில் அகப்படும் ஒல்லாந்தர் காலச் செப்புக்காசு இவ்விதிக்குள் அடங்கும். பாட்டனின் மலாயாப் பெட்டகம் அடங்காது. அதற்குப் பொருந்துவது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமாகும்: விற்பவனுக்கு இல்லாத உரித்து வாங்குபவனுக்கு வருவதில்லை என்பதே அதன் பொது விதி. கைவிட்ட பொருள் என வாதிப்பதற்கும் இடமில்லை. உயிருக்கஞ்சி ஓடியவன் தன் வீட்டைக் கைவிட எண்ணியவன் அல்லன். நயினாதீவுக் கல்வெட்டின் நியதியினின்றும் இது வேறன்று. வேறுபாடு யாதெனில், பன்னிரண்டாம் நூற்றாண்டில் உடையவனுக்கு ஒரு பாதியேனும் கிடைக்க வழியிருந்தது.

இதனை அறநெறி சார்ந்த வினாவாக மட்டும் கருதி ஒதுக்கிவிடலாகாது. உரித்து மறைந்த பொருளின் வரலாறும் மறைக்கப்படுகின்றது. எந்த வீட்டினது, யாருடைய சீதனம், எப்போது வந்தது என்பவற்றைச் சொல்ல அஞ்சும் வியாபாரி, அப்பொருளை ‘பழசு’ என்று மட்டுமே விற்க முடியும். நிறை விலைக்கு மேலாகக் கிடைக்கக்கூடியதன் பெரும்பகுதியை அவன் தானே அழித்துவிடுகின்றான். இவ்வாறு பெயரிழந்த பொருள்களே நெருக்கடியின்போது முதலில் உலையை அடைகின்றன.

தமிழ்நாட்டின் காரைக்குடியோடு ஒப்பிடுவது இவ்விடத்திற் பயனுடையது. அங்கும் கடல் கடந்த வாணிகச் செல்வம், பர்மாத் தேக்கு, சீர்வரிசைப் பாத்திரங்கள் நிறைந்த பெருவீடுகள். 1942இல் பர்மாவை யப்பான் கைப்பற்றியதிலிருந்து தொடங்கிய வீழ்ச்சி. ஊரில் வாழாத வாரிசுகள். முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகள் அவ்வீழ்ச்சியின் பேறாகும். ஆனால் அங்கு பொதுவாகப் பங்காளிகள் தாமே வீட்டை விற்றனர். வாங்கியவன் ‘செட்டிநாட்டு வீட்டுத் தூண்’ என்று பெயர் சொல்லி விற்க முடிந்தது. அப்பெயரே விலையாயிற்று. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் நூறாண்டு கடந்த பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தனியாருக்குத் தடைசெய்தபோதிலும் உள்நாட்டுச் சந்தையே அத்தெருவைத் தாங்கி நின்றது. ‘தீவகத்துப் பெட்டகம்’ என்ற பெயர் அவ்வாறு நிலைபெறவில்லை. தரக்குறைவு அதற்குக் காரணம் அன்று.

தீவகத்துக்கெனத் தனியான ஒரு வாங்குவோர் கூட்டமும் உண்டு. தொரன்ரோவிலும் பாரிசிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் தீவகத்தார் விடுமுறைக்கு வந்து, இடிந்த வீட்டைத் திருத்தி, அதிலே வைப்பதற்கு ஒரு குத்துவிளக்கைத் தேடுகின்றனர். ரூபாவின் வீழ்ச்சி இவர்களுக்கு மட்டும் சாதகமானது. தம் வீட்டுப் பொருளையே அறியாமல் மீள வாங்கியவரும் இவர்களுள் இருக்கக்கூடும். ஆயின் பண்பாட்டு ஆதனங்களை வெளியே கொண்டுசெல்வதை 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. அவற்றை வாங்கி விற்போருக்கும் உரிமம் வேண்டும் என்கின்றது. சிறு வியாபாரி இவ்வுரிம முறையைச் சுமையாகக் கருதி விலகி நிற்பது இயல்பே. எனினும் ஊரிலேயே தங்கக்கூடிய பொருளுக்கு ஊரோடு தொடர்புடைய வாங்குவோர் அமைவதை அவன் அலட்சியம் செய்தல் தகாது. விற்பவரின் இசைவுடன், வீட்டின் பெயரும் ஆண்டும் குறித்த ஒரு துண்டுக் கடதாசி பொருளோடு சேர்ந்து செல்லுமாயின், அதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை.

ஏட்டுச்சுவடிகளை இக்கணக்கிற் சேர்ப்பதற்கில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்ட பின்னர் வீடுகளில் எஞ்சிய ஏடு ஒவ்வொன்றும் வேறு பிரதியில்லாததாக இருக்கலாம். 2005இலிருந்து நூலகம் என்னும் எண்ணிம முயற்சி இயங்கிவரும் நிலையில், ஏட்டை விற்பதற்கு முன் படியெடுக்க வழியில்லை என்று கூறுவதும் பொருந்தாது.

பாத்திரங்களைப் பொறுத்தவரை, கூட்டுறவுச் சங்கங்கள் முன்வந்து, நிறை விலைக்கு நிகரான கடனைக் கொடுத்து ஓராண்டுக்கேனும் பொருளைப் பிணையாக வைத்திருக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. நகைக்கு வங்கி செய்வதனின் வேறன்று அது. விற்கும் பெண்ணுக்குக் காலம் கிடைக்கும். வியாபாரிக்கும், வட்டிச் சுமையின்றிப் பொருளைப் பார்த்து விலைபேச இடம் உண்டாகும். நெருக்கடி தணிந்துவிட்டது, இனி இது வேண்டியதில்லை என்று கூறுவோர் செம்பின் விலையைக் கவனிக்கவில்லை. 2024இல் உல்லாசப் பயணிகளின் தொகை மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது. ரூபாவும் ஓரளவு தேறி டொலருக்கு 300 என்ற அளவில் நின்றது. ஆனால் அவ்வாண்டு மே மாதத்தில் உலகச் செம்பு விலை தொன்னுக்கு 10,000 டொலருக்கு மேலேறியது. கிலோ 3,000 ரூபாவுக்கு மேல். வாங்குவோர் திரும்பி வந்த வேளையில், உலையும் நெருக்கடிக் காலத்தைவிடக் கூடுதலாகவே கொடுத்துக்கொண்டிருந்தது.